ஆலைக்கு வரும் ஆலோசகர்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு "விசிட்டிங் ஏஜெண்டு" என்ற பெயர் புதிதாக இருக்காது. அந்த நாளில் கம்பெனி லண்டனில் இருக்கும். தோட்டம் லிங்கியிலோ லாபுவிலோ பாகாவிலோ இருக்கும். துரை எழுதி அனுப்பும் கடிதங்களை மட்டும் நம்பிக் கொண்டிருக்க முதலாளிகளுக்கு மனம் வராது. ஆகவே அனுபவம் மிக்க ஒருவரைத் தோட்டம் தோட்டமாக அனுப்பி வைப்பார்கள். அவர் வருகிறார் என்று தெரிந்தால் போதும். லயத்துக் கால்வாய் சுத்தமாகும், பால் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், கிராணிமார் சட்டைக்குக் கஞ்சி போடுவார்கள். வந்தவர் மரத்தின் பட்டையைத் தடவிப் பார்ப்பார். எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறது, எவ்வளவு பட்டை செலவாகியிருக்கிறது என்று குறித்துக்கொள்வார். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய் நீண்டதோர் அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையைத் தொழிலாளர் யாரும் கண்டதில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து, ஆளுக்கு இத்தனை மரம் என்ற கணக்கு மாறும். அல்லது, ஒரு பழைய காடு வெட்டப்பட்டு மறுநடவு தொடங்கும். அப்போதுதான், அந்த மனிதர் ஏதோ எழுதிவிட்டுப் போயிருக்கிறார் என்பது லயத்துக்குத் தெரியவரும்.

இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்டது அவருடைய பேரப்பிள்ளை போன்ற ஒருவரைப் பற்றித்தான். தொழிற்சாலைகளுக்கு வந்து, இயந்திரங்களைப் பார்த்து, வேலை முறையைப் பார்த்து, "இதைப் புதுப்பியுங்கள், இதைப் பூட்டி வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகும் தொழில்நுட்ப ஆலோசகரைப் பற்றி. தோட்டக் குடும்பங்களுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று செனவாங்கிலும் நீலாயிலும் சிரம்பானிலும் தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள். தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கும் செம்பனை ஆலை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆலோசகர் எழுதும் அறிக்கை இந்தக் குடும்பங்களின் அடுப்பங்கரை வரைக்கும் வந்து சேரக் கூடியது. ஆகவே அவர் என்ன பார்க்கிறார், எதற்காகப் பார்க்கிறார் என்பதை நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் நம் வீட்டுக் கதை ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஒரு தொழில் முழுவதும் ஆலோசனை கேட்டுத் தன்னை மாற்றிக்கொண்ட கதை இந்த நாட்டில் நடந்தது. அது நம் ரப்பர்த் தொழில்தான்.

பழைய முறை பலருக்கு நினைவிருக்கும். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் கொண்டுவந்து, நிறுத்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து, காடி ஊற்றி உறைய வைப்பார்கள். உறைந்ததை உருளையில் கொடுத்துத் தகடாக்கி, வரிவரியாகத் தடம் பதித்து, புகைக் கொட்டகையில் மூங்கில் கழிகளில் தொங்கவிடுவார்கள். ரப்பர் விறகு எரிய எரிய, நான்கைந்து நாளில் தகடு தேன் நிறத்தில் காய்ந்து வரும். அதன் பிறகு பெண்கள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். கொப்புளம் இருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா, பட்டைத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, கெட்ட இடத்தைக் கத்தரியால் வெட்டி எறிவார்கள். முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பதெல்லாம் கண் பார்வையில்தான். பிறகு ஏறக்குறைய 250 ராத்தல் எடையில் பெரிய பெரிய பொதிகளாகக் கட்டிக் கப்பலில் ஏற்றுவார்கள்.

இதில் குறை என்ன? பார்த்தவர் கண்ணுக்கு அழகாக இருந்த தகடு, டயர் செய்பவருடைய இயந்திரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பொதி நன்றாக இருக்கும். அடுத்த பொதி வேறு மாதிரி இருக்கும். போட்டிக்கு ஆள் இல்லாத வரையில் வாங்குகிறவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும், ரப்பர் கிடைக்காத அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது. போர் முடிந்த பிறகும் அந்த ஆலைகள் மூடப்படவில்லை. செயற்கை ரப்பர் சிறு சிறு கட்டிகளாக, சுத்தமான உறையில், இன்ன பொருள் இன்ன அளவு என்று எழுதிய சீட்டுடன் வந்தது. நம் ரப்பரோ மண் ஒட்டிய பெரும் பொதியாகப் போய் இறங்கிற்று. 1960களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் செயற்கை ரப்பர் நம் ரப்பரை முந்திவிட்டது. அப்படியே விட்டிருந்தால் சுவா பெத்தோங்கும் லாபுவும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அப்போது ஆலோசகர் வேலையைச் செய்தது. அதன் அதிகாரிகள் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள் எனலாம். வாங்குகிறவருக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும்? அதை நாம் அளந்து சொல்ல முடியுமா? இதன் பயனாக 1965-இல் "எஸ்.எம்.ஆர்." எனப்படும் தர நிர்ணய முறை வந்தது. கண் பார்வை போய், ஆய்வுக்கூடச் சோதனை வந்தது. அழுக்கு எத்தனை, சாம்பல் எத்தனை, ஈரம் எத்தனை, சூட்டில் ரப்பர் எவ்வளவு தாங்கும் என்று அளந்தார்கள். இன்று ஒரு கட்டி ரப்பர் 33 கிலோவும் மூன்றில் ஒரு பங்கும் எடை. முப்பது கட்டி சேர்ந்தால் ஒரு டன். "எஸ்.எம்.ஆர். 5" என்று குறி போட்டால், அழுக்கு நூற்றுக்கு 0.05 பங்குக்கு மேல் இருக்கலாகாது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தக் கட்டி முழுவதிலும் பதினேழு கிராம் அழுக்குக்கூட இருக்கக் கூடாது. "எஸ்.எம்.ஆர். 20" என்றால் ஏறக்குறைய 53 கிராம் வரை போகலாம். வாங்குகிறவர் தமக்கு எது தேவையோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

செய்முறையும் மாறிற்று. உறைந்த ரப்பரைத் தகடாக்குவதற்குப் பதிலாகப் பொடிப்பொடியாக உதிர்த்து, சுடுகாற்றில் உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கினார்கள். உதிர்ப்பதற்கு ஆராய்ச்சிக் கழகம் கண்ட வழி ஒன்று கேட்க வேடிக்கையாக இருக்கும். மிகச் சிறிதளவு ஆமணக்கு எண்ணெய் சேர்த்து உருளையில் விட்டால் ரப்பர் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான்! புகைக் கொட்டகையில் நான்கைந்து நாள் பிடித்த உலர்த்தும் வேலை, இந்த முறையில் நான்கைந்து மணி நேரத்தில் முடிந்தது.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. தகடு தொங்கவிட்டவர்கள், வெளிச்சத்தில் பார்த்துத் தரம் பிரித்த பெண்கள், விறகு போட்டவர்கள் ஆகியோருக்கு, கட்டி ரப்பர் ஆலையில் அதே எண்ணிக்கையில் இடம் இருக்கவில்லை. ரப்பரின் பேர் உலகச் சந்தையில் நிலைத்தது உண்மை. தரம் பிரித்த கண்ணின் பயிற்சிக்கு மதிப்பில்லாமல் போனதும் உண்மை. புதுமை வரும்போது லாபக் கணக்கை ஒருவரும், நட்டக் கணக்கை மற்றொருவரும் வைத்திருப்பார்கள். ஆலோசகர் நல்லவராக இருந்தால் இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதுவார் என்பது நம் கருத்து.

இனி இன்றைய ஆலோசகர் ஆலைக்குள் வந்து என்ன செய்கிறார் என்று பார்ப்போம். செம்பனை ஆலையையே எடுத்துக்கொள்ளலாம். நமக்குத் தெரிந்த இடம்.

குலை லாரியில் வருகிறது; எடை மேடையில் ஏறுகிறது. நீராவியில் வேகிறது, பழம் உதிர்கிறது, பிழியப்படுகிறது, எண்ணெய் தெளிகிறது. நூறு கிலோ குலைக்கு ஏறக்குறைய இருபது கிலோ எண்ணெய் கிடைக்கும். குலையை வெட்டிய பிறகு காலம் கடத்தினால் பழத்தில் அமிலம் ஏறும். எண்ணெயில் அமிலம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால் விலை குறையும். ஆகவே ஆலை நிற்கக் கூடாது. நல்ல ஆலோசகர் முதல் நாளே கணினியைத் திறக்க மாட்டார். எடை மேடையிலிருந்து எண்ணெய்த் தொட்டி வரை நடப்பார். எங்கே குலை குவிந்து கிடக்கிறது, எந்த இயந்திரம் எத்தனை முறை நிற்கிறது, நின்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று குறிப்பார். சக்கையில் எவ்வளவு எண்ணெய் வீணாகப் போகிறது என்று சோதிப்பார். மணிக்கு 40 டன் குலை அரைக்கும் ஆலை ஒன்று நாளுக்கு இருபது மணி நேரம் ஓடினால் 800 டன் ஆகும். குலை எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு எண்ணெய் வீணாவதைத் தடுத்தால்கூட நாளொன்றுக்கு நான்கு டன் எண்ணெய் மிச்சம். பெரிய இயந்திரம் வாங்காமலேயே, ஒரு வால்வைச் சரியாகத் திறந்து மூடுவதால் இவ்வளவு மிச்சம் கிடைப்பதும் உண்டு.

பழைய பிட்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடும் மோட்டாரின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். "பேரிங் போகப் போகுது ஐயா, ஞாயித்துக்கிழமை மாத்திடுவோம்" என்பார்கள். இன்று அதே வேலையை ஒரு சிறு உணர்கருவி செய்கிறது. மோட்டாரின் அதிர்வை இரவும் பகலும் அளந்து கணினிக்கு அனுப்புகிறது. அதிர்வு மாறினால் எச்சரிக்கிறது. ஆனால் எந்த அதிர்வு ஆபத்து, எந்த அதிர்வு மழைக்காலத்தில் வழக்கமாக வருவது என்பதை அந்தக் கருவிக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அந்தப் பிட்டர்தான் சொல்ல வேண்டும். இதை அறியாத ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மேலாளர் அறையில் உட்கார்ந்து, வண்ண வண்ணப் படங்களைச் சுவரில் காட்டிவிட்டு, இரவு ஷிப்டு எப்படி இருக்கும் என்றே பார்க்காமல் போய்விடுவார்கள். ஓர் இரவு ஷிப்டு முழுவதும் ஆலையில் நிற்காத ஆலோசகரின் அறிக்கையை நாம் பாதிதான் நம்புவோம். அது போலவே, ஆலோசனை சொல்பவரே இயந்திரமும் விற்கிறவராக இருந்தால், அவர் சொல்வதை இரண்டு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

நம் நாட்டு அரசாங்கம் 2018 அக்டோபரில் "இண்டஸ்ட்ரி ஃபோர்வர்டு" என்ற கொள்கையை வெளியிட்டது. சிறிய, நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு நிபுணர்களை அனுப்பி, அவை புதிய தொழில்நுட்பத்துக்கு எவ்வளவு தயாராக உள்ளன என்று மதிப்பிடுவது அதில் ஒரு பகுதி. மலேசிய உற்பத்தித் திறன் கழகம் அந்த மதிப்பீட்டை நடத்தியது. ஆட்கள், செய்முறை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றையும் பார்த்தார்கள். இதில் ஆட்களையும் எடை போட்டிருப்பது கவனிக்கத் தக்கது. 2023 செப்டம்பரில் வெளியான புதிய தொழில் பெருந்திட்டம், 2030-க்குள் 3,000 நவீனத் தொழிற்சாலைகளை உருவாக்குவது என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆக, இந்த ஆலோசகர்கள் செனவாங்குக்கும் நீலாய்க்கும் இன்னும் பலமுறை வரப்போகிறார்கள்.

இயந்திரத்தைக் கணினியோடு இணைத்தாகிவிட்டது; கணினியை இணையத்தோடு இணைத்தாகிவிட்டது. கதவு ஒன்று திறந்தால் காற்று மட்டுமா வரும்? பாம்பும் வரலாம். பாதுகாப்பு என்ற அடுத்த விஷயத்துக்கு இங்கேதான் வருகிறோம்.

தோட்டத்தில் எடைக் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பால் வெட்டியவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கிராணி பாலை நிறுத்து, மெட்ரோலாக் கருவியைப் போட்டுப் பார்த்து, எண்ணைச் சொல்வார். அந்த எண்தான் அன்றைய கூலி. ஒரு எண் மாறினால் வீட்டில் அரிசி மாறும். இன்று எடை மேடையின் எண் கணினிக்குள் இருக்கிறது. யாரோ ஓர் ஊரில் உட்கார்ந்து அந்த எண்ணை மாற்ற முடியும் என்றால் என்ன ஆகும்? எண் சரியாக இருக்க வேண்டும், வேண்டாதவர் கையில் போகக் கூடாது, வேண்டியபோது கிடைக்க வேண்டும். பாதுகாப்பு நிபுணர்கள் காக்க நினைப்பது இவற்றைத்தான். அலுவலகத்தில் ரகசியம் முதலில் வரும். தொழிற்சாலையில் அப்படியில்லை, அங்கே கொதிகலன் வெடிக்காமல் இருப்பதும், ஆலை நிற்காமல் இருப்பதும்தான் முதலில் வரும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அலுவலகக் கணினி பழசானால் நான்கைந்து ஆண்டில் மாற்றிவிடுகிறார்கள். ஆலையில் இயந்திரம் இருபது ஆண்டு ஓடும். அதனோடு வந்த கணினியும் இருபது ஆண்டு ஓடும். அதைச் செய்த கம்பெனி அதற்குப் பழுது பார்ப்பதையே நிறுத்தியிருக்கும். தொட்டால் ஆலை நின்றுவிடுமோ என்று யாரும் அதைத் தொட மாட்டார்கள். இப்படிப்பட்ட கணினிகள்தான் கள்வர்களுக்கு எளிய வழி.

2017 மே மாதம் "வான்னாக்ரை" என்ற நாசநிரல் உலகத்தைச் சுற்றி வந்தது. கணினியில் உள்ளதையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்கும் நிரல் அது. ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டிக்கொண்டன. பிரான்சில் ரெனோ கார் ஆலைகள் சில நின்றன. ஒரு மாதம் கழித்து ஜப்பானில் ஹோண்டாவின் சயாமா ஆலை ஒரு நாள் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. என்ற பெரிய நுண்சில்லு ஆலையில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே வெளியார் யாரும் புகுந்து தாக்கவில்லை. புதிதாக வாங்கிய ஓர் இயந்திரத்தைச் சோதிக்காமல் வலைப்பின்னலில் இணைத்தார்கள். அந்த இயந்திரத்துக்குள்ளேயே நாசநிரல் ஒளிந்திருந்தது. அது மற்ற இயந்திரங்களுக்கும் பரவி, ஆலைகள் சில நாட்கள் தடுமாறின.

இதைத் தடுக்கும் வழியை ரப்பர்த் தோட்டக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒரு மரத்துக்கு வெள்ளை வேர் நோய் வந்தால் என்ன செய்வார்கள்? நோய் வேர் வழியே அடுத்த மரத்துக்குப் போகாமல், சுற்றிலும் ஆழமாகக் குழி வெட்டுவார்கள். ஆலையின் கணினிகளுக்கும் அப்படித்தான். அலுவலகக் கணினிகள் ஒரு பக்கம், இயந்திரங்களை ஆட்டும் கணினிகள் ஒரு பக்கம், இடையில் ஒரு குழி. இரண்டுக்கும் நடுவே கட்டாயம் போய்வர வேண்டியது எது என்று பார்த்து, அதற்கு மட்டும் ஒரு பாலம். அந்தப் பாலத்தில் ஒரு காவல். பழைய கணினியை மாற்ற முடியாவிட்டாலும், சுற்றிக் குழி வெட்ட முடியும். பாதுகாப்பு ஆலோசகர் செய்யும் வேலைகளில் இதுவே தலையாயது என்று நாம் நினைக்கிறோம்.

அதற்கு முன், ஆலையில் என்னென்ன கணினி இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்ப்பார். பல ஆலைகளில் இதுவே யாருக்கும் தெரியாது. இயந்திரம் விற்ற வெளிநாட்டுக் கம்பெனி, தூரத்திலிருந்தே பழுது பார்ப்பதற்காக ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கும். வேலை முடிந்தும் யாரும் மூடியிருக்க மாட்டார்கள். வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல் இன்னும் உயிரோடு இருக்கும். 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் கலோனியல் பைப்லைன் என்ற குழாய்த் தொடர் பல நாட்கள் மூடப்பட்டது. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய கணக்கின் கடவுச்சொல்தான் கள்வருக்கு வாசலாக இருந்தது. அந்தக் கம்பெனி 44 லட்சம் டாலர் கப்பம் கட்டியது. ஸ்டோர் சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் ஊர் போய்விட்ட ஆளைப் போலத்தான் இதுவும்.

ஆனால் கப்பம் கட்டாமல் எழுந்து நின்றவர்களும் உண்டு. நார்வே நாட்டு அலுமினியக் கம்பெனியான நார்ஸ்க் ஹைட்ரோவை 2019 மார்ச் 19-ஆம் நாள் இப்படித் தாக்கினார்கள். நாற்பது நாடுகள், 170 இடங்கள், 22,000 கணினிகள். வாசலில், "யாரும் கணினியை இயக்காதீர்கள்" என்று காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். கம்பெனி பணம் கொடுக்க மறுத்தது. நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னது. உருக்கிய உலோகத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? பேனாவும் காகிதமும் எடுத்து வேலையைக் கையால் ஓட்டினார்கள். சில ஆலைகளில், எப்போதோ ஓய்வுபெற்று வீட்டிலிருந்த பழைய தொழிலாளர்கள் திரும்பி வந்தார்கள். கணினி இல்லாத காலத்தில் இதே இயந்திரத்தை எப்படிக் கையால் ஆட்டினோம் என்று இளையவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். நட்டம் கோடிக்கணக்கில் ஆனது உண்மைதான். இருந்தாலும் ஆலை பிழைத்தது. வேறிடத்தில் வைத்திருந்த பிரதிகளைக் கொண்டு கணினிகளை மீண்டும் எழுப்பினார்கள்.

இந்தச் செய்தியைப் படித்தபோது நமக்கு அந்தப் பிட்டரின் ஸ்குரூ டிரைவர்தான் நினைவுக்கு வந்தது. ஒரு கைத்தொழில் அறிவு தேவையில்லை என்று யாரோ அறிக்கையில் எழுதிவிடலாம். அது தேவைப்படும் நாள் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டும். ஆகவே புதிய முறை வந்த பிறகும், ஆண்டுக்கு ஓரிரு நாளாவது ஆலையைக் கையால் ஓட்டிப் பழக வேண்டும், எப்படி ஓட்டுவது என்பதைக் காகிதத்தில் எழுதி இயந்திரத்தின் அருகிலேயே வைக்க வேண்டும் என்று நல்ல ஆலோசகர்கள் சொல்கிறார்கள். இந்தப் பழக்கத்தை முதலாளிகள் செலவு என்று எண்ணித் தள்ளிப் போடாதிருந்தால் நல்லது.

இனி, ஆலையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. இரவு ஷிப்டில் கைப்பேசிக்கு மின்சாரம் தீர்ந்துவிட்டால், இயந்திரத்தின் கணினியில் ஒயரைச் சொருகி மின்னேற்றம் செய்யும் வழக்கம் இருக்கிறது. பாட்டுப் பதிந்த பென்டிரைவைப் போட்டுக் கேட்பதும் உண்டு. செய்கிறவர் தவறான எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் குழி வெட்டி வைத்த இடத்தில் பலகை போட்டது போல் ஆகிவிடும் இது. கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதித் திரையில் ஒட்டி வைப்பதும் அப்படியே. எட்டு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால், நாளை ஒரு தவறு நடக்கும்போது எட்டு பேர் மீதும் பழி விழும். செய்யாதவர் தம்மைக் காத்துக்கொள்ள வழி இருக்காது. ஆளுக்கொரு கடவுச்சொல் கேட்பது தொழிலாளிக்கும் பாதுகாப்பு என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

மேலாளர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தெரியாமல் ஒரு பென்டிரைவைப் போட்டுவிட்ட பையன், திரையில் ஏதோ மாறியதைக் கண்டு அடுத்த நிமிடமே ஓடிவந்து சொன்னால் நோய் ஒரு மரத்தோடு நிற்கும். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து விடியும் வரை வாய்மூடி இருந்தால் தோப்பு முழுவதும் போகும். வந்து சொன்னவரைத் தண்டிக்கிற ஆலையில் அடுத்த முறை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். எத்தனை லட்சம் வெள்ளிக்குக் கருவி வாங்கி மாட்டினாலும் இந்தப் பயத்தை அந்தக் கருவி போக்காது.

சட்டமும் இப்போது வந்திருக்கிறது. நம் நாட்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்டு 26-இல் நடப்புக்கு வந்தது. நாட்டுக்கு இன்றியமையாதவை என்று அது பதினொரு துறைகளைக் குறிக்கிறது. மின்சாரம், வங்கி, மருத்துவம் முதலியவற்றோடு விவசாயமும் தோட்டத் தொழிலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பது நேயர்கள் பலருக்கு வியப்பாக இருக்கலாம். பிறருடைய கணினி அமைப்புகளைக் காவல் காப்பதையும், புகுந்து பார்த்துச் சோதிப்பதையும் தொழிலாகச் செய்கிறவர்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே ஆலை வாசலில் ஒருவர் வந்து, "கணினியைச் சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள்" என்று சொன்னால், காவலர் அவருடைய அடையாளத்தைக் கேட்பதில் தவறில்லை. அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து உறுதிப்படுத்துவதிலும் தவறில்லை. கழுத்துப்பட்டை கட்டி, பெரிய காரில் வந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். நேர்மையான ஆலோசகர் அந்தக் காவலரை அறிக்கையில் பாராட்டித்தான் எழுதுவார்.

முடிக்கு முன், பயிற்சி பற்றி ஒரு தகவல். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் தொழிற்சாலைகள், அவர்களுடைய மாதச் சம்பளத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கைப் பயிற்சிக்கென மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குக் கட்ட வேண்டும். 2001-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்தப் பணம் முதலாளி கொடுப்பது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அந்தப் பணத்தைக் கம்பெனி பயன்படுத்திக்கொள்ளலாம். புதிய இயந்திரம் வரும்போதும், ஆலோசகர் வந்துபோன பிறகும், அந்த இயந்திரத்தை ஆட்டவும் பழுது பார்க்கவும் யாரைப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று உங்கள் பிள்ளைகள் அலுவலகத்தில் கேட்கலாம். பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் இருந்தால், போர்ட்டிக்சனில் உள்ள பாலிடெக்னிக்கில் மின்னியலும் இயந்திரவியலும் கற்றுத் தருகிறார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருப்பவர்கள் விண்ணப்பத்தை வாங்கிப் பார்க்கலாம்.